அகலம் வேறு, கருவி வேறு: ஒரு நூலகத் தளத்தின் பக்க அமைப்பை மாற்றியமைத்த நிகழ்வு ஆய்வு

புகார்

ஒரு நூலகத்தின் இணையதளத்தைப் பற்றி வந்த புகார் ஒன்றிலிருந்து இந்த ஆய்வு தொடங்குகிறது. இரவல் எடுத்த நூலின் தவணையை நீட்டிக்கும் பொத்தான் தமக்குத் தெரியவில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அந்தப் பொத்தான் கைப்பேசியில் தெரியாது என்பது பராமரிப்புக் குழுவுக்கு முன்பே தெரியும். சிறு திரையில் இடத்தை அடைக்கிறது என்று கருதி அதை மறைத்ததே அந்தக் குழுதான். ஆகவே, மேசைக்கணினியில் தளத்தைத் திறந்து பார்க்குமாறு பதில் அனுப்பினார்கள். தாம் பயன்படுத்துவதே மேசைக்கணினிதான் என்று அவர் மறுபடி எழுதினார்.

இந்த நிலையில்தான் வேலை என்னிடம் வந்தது. வாசகருடைய கணினியில் எந்தக் குறையும் இல்லை. அவருக்குப் பார்வை மங்கல் என்பதால், 1280 பிக்சல் அகலமுள்ள உலாவிச் சாளரத்தை 400 விழுக்காடு பெரிதாக்கி வைத்துப் படிக்கிறார். உலாவி பக்கத்தைப் பெரிதாக்கும்போது எழுத்து மட்டும் வளர்வதில்லை. பக்க அமைப்பு கணக்கில் கொள்ளும், பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் மொழியான சி.எஸ்.எஸ்.இன் பிக்சலே பெரிதாகிறது. 1280ஐ நான்கால் வகுத்தால் 320. மேசையின் மேல் பெரிய திரை இருந்தாலும், அந்த மொழியில் எழுதிய விதிகளின் தொகுப்பான பாணித்தாளில், திரையின் அளவு போன்றவற்றைக் கேட்டு விதிகளை இயக்கும் மீடியா குவரியின் கண்ணுக்கு அது 320 பிக்சல் அகலமுள்ள ஓர் ஒடுங்கிய இடம் மட்டுமே. "கைப்பேசிக்காரருக்கு இது தேவைப்படாது" என்று யாரோ எழுதி வைத்த விதி, கைப்பேசியைத் தொடாத ஒருவரிடமிருந்து பொத்தானைப் பறித்துவிட்டது.

ஒரு வரியை நீக்கிப் பொத்தானை மீண்டும் காட்டியிருந்தால் புகார் அன்றைக்கே தீர்ந்திருக்கும். ஆனால் அதே பாணித்தாளில் அதே எண்ணத்தோடு எழுதப்பட்ட விதிகள் எத்தனை இருக்கும் என்ற கேள்வி எழுந்தது. தேடிப் பார்த்ததில், "மொபைல்" என்ற சொல், பக்கத்தின் பகுதிகளுக்கு இடும் வகுப்புப் பெயர்களிலும் குறிப்புரைகளிலும் நிறைந்து கிடந்தது. இந்தத் தளத்தின் கோளாறு முழுவதும் அந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருந்தது என்பதுதான் வேலை முடிந்தபின் நான் வந்த முடிவு. அகலம் ஒரு கேள்வி. விரலா சுட்டியா என்பது வேறொரு கேள்வி. தரவு எவ்வளவு மெதுவாக வந்து சேர்கிறது என்பது மூன்றாவது. மூன்றையும் ஒரே சொல்லில் மூட்டை கட்டியதால்தான் ஒன்றுக்கு எழுதிய மருந்து இன்னொன்றுக்கு நஞ்சானது.

தளம் கடந்து வந்த வழி

தளத்தின் முதல் வடிவம் 960 பிக்சல் நிலையான அகலத்தில் கட்டப்பட்டிருந்தது: இடப்புறம் 200 பிக்சலில் பட்டி, நடுவில் 520இல் உள்ளடக்கம், வலப்புறம் 200இல் வாசகருடைய இரவல் விவரம், இடையில் இரண்டு 20 பிக்சல் சந்துகள். 1024 பிக்சல் அகலத் திரைகள் பரவலாக இருந்த காலத்தில் இந்த 960 என்ற எண் பலருக்கும் கைவந்த ஒன்று. 2, 3, 4, 5, 6, 8, 10, 12 என எதனாலும் மீதியின்றி வகுபடுவதால் பத்திகளை (நெடுவரிசைகளை) பிரிப்பது எளிது.

2007இல் ஐஃபோன் வந்தபோது இணையப் பக்கங்கள் ஏறத்தாழ அனைத்தும் இத்தகைய அகலத்தில்தான் இருந்தன. அதனால் அதன் சஃபாரி உலாவி, வேறு எதுவும் சொல்லப்படாத பக்கத்துக்கு 980 பிக்சல் அகலம் என்று தானே வைத்துக்கொண்டு, முழுப் பக்கத்தையும் சுருக்கித் திரைக்குள் அடைத்தது. இதன் விளைவை நாமே கணக்கிடலாம். 360 பிக்சல் அகலமுள்ள திரையில் 980 பிக்சல் பக்கத்தை அடைத்தால், 16 பிக்சல் எழுத்து ஆறு பிக்சலுக்கும் சற்றுக் குறைவாகத் தெரியும். ஆங்கிலத்தையே அந்த அளவில் படிக்க முடியாது எனும்போது, புள்ளியும் கொம்பும் சுழியும் உள்ள தமிழைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தின் தலைப்பகுதியில் வியூபோர்ட் குறிப்பை எழுதி, கருவியின் உண்மையான அகலத்தையே எடுத்துக்கொள் என்று சொன்னால்தான் உலாவி இந்த வழக்கத்தைக் கைவிடும்.

நூலகத்தின் முதல் தீர்வு, கைப்பேசிக்கென்று தனி முகவரியில் தனித் தளம். வருபவரின் உலாவி தன்னைப் பற்றி அனுப்பும் அடையாள வரியைப் படித்து, இவர் கைப்பேசிக்காரர் என்று முடிவு செய்து திருப்பிவிடுவார்கள். இரண்டு தளங்களுக்கும் உள்ளடக்கத்தைத் தனித்தனியே பதிவேற்ற வேண்டியிருந்தது. விரைவிலேயே ஒன்றில் இருப்பது மற்றொன்றில் இல்லாமல் போயிற்று. கைப்பேசியிலிருந்து ஒருவர் பகிர்ந்த இணைப்பைக் கணினியில் திறந்தவர், அகன்ற திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழுபட்ட ஒற்றைப் பத்தியைப் பார்த்தார். 2019இல் ஐபேட் ஓஎஸ் 13 வெளிவந்தபோது ஐபேடின் சஃபாரி தன்னை மேக் கணினி என்றே சொல்லிக்கொள்ளத் தொடங்கியது. அடையாள வரியை நம்பிய ஏற்பாட்டின் கடைசிப் பிடிமானமும் அத்துடன் போனது.

இரண்டாவது தீர்வு, ஈதன் மார்காட் 2010இல் முன்வைத்த வழியைப் பின்பற்றியது. விழுக்காட்டில் அளந்த நெகிழும் கட்டங்கள், இடத்துக்கேற்பச் சுருங்கும் படங்கள், மீடியா குவரி ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரே பக்கத்தை எல்லா அகலங்களுக்கும் பொருந்தச் செய்யலாம் என்பதே அவர் சொன்னது. திசை சரிதான், எடுத்துக்கொண்ட விதத்தில்தான் பிசகு. 320, 480, 768, 1024 என்று நான்கு எண்களை வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு கருவியின் பெயரைக் குறிப்புரையாக எழுதியிருந்தார்கள். சிறிய எண்களின் கீழ், இடம் போதாத பொருள்களை எல்லாம் டிஸ்பிளே நன் என்று ஒரே அடியில் மறைத்திருந்தார்கள். போதாக்குறைக்கு, வியூபோர்ட் குறிப்பில் பயனர் பெரிதாக்கவே முடியாதபடி தடையும் போட்டிருந்தார்கள். 2016இல் வந்த ஐஓஎஸ் 10 முதல் சஃபாரி இந்தத் தடையைப் பொருட்படுத்துவதில்லை. எல்லா உலாவிகளும் அப்படியல்ல. நான் முதலில் நீக்கியது இந்த வரியைத்தான், யாரையும் கேட்காமல்.

எங்கே உடைகிறது என்று பார்த்தல்

கருவிகளின் பட்டியலை ஒதுக்கிவிட்டு, நூல் விவரப் பக்கத்தை 1400 பிக்சல் சாளரத்தில் திறந்து, ஓரத்தைப் பிடித்து மெல்ல மெல்ல ஒடுக்கிக்கொண்டே வந்தேன். எந்த அகலத்தில் கண்ணுக்கு உறுத்துகிறதோ அந்த எண்ணைக் குறித்தேன். வலப் பத்தி முதலில் மூச்சுத் திணறியது 1060 அருகில். இடப் பட்டியும் உள்ளடக்கமும் ஒன்றையொன்று நெருக்கத் தொடங்கியது 700க்குச் சற்று மேலே. பழைய பாணித்தாளின் நான்கு எண்களில் ஒன்றுகூட இவற்றோடு ஒத்துவரவில்லை. 768க்கும் 1024க்கும் நடுவில், யாரும் பார்த்திராத 900இல், தலைப்பு இரண்டு வரியாக மடிந்து தேடல் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. கணினித் திரையைப் பாதியாகப் பிரித்து இரண்டு சாளரங்களை அருகருகே வைத்துக்கொள்பவர் சாதாரணமாகப் பார்க்கும் அகலம் அது.

புதிய அமைப்பில் அடிப்படை விதிகள் எந்த மீடியா குவரிக்குள்ளும் இல்லை. அவை ஒற்றைப் பத்தியில், எந்த அகலத்திலும் படிக்கத்தக்க ஒரு பக்கத்தைத் தருகின்றன. இடம் கூடும்போது பத்திகளைச் சேர்ப்பது மட்டுமே குவரிகளின் வேலை. அவற்றின் எல்லைகளைப் பிக்சலில் எழுதாமல் எம் அலகில் எழுதினேன். மீடியா குவரிக்குள் வரும் எம், பயனர் தம் உலாவியில் வைத்திருக்கும் இயல்பு எழுத்தளவைக் குறிக்கும். 16 பிக்சல் வைத்திருப்பவருக்கு 44 எம் என்பது 704 பிக்சல். கண்ணுக்கு இதமாக 24 வைத்திருப்பவருக்கு அதுவே 1056. எழுத்தைப் பெரிதாக்கியவருக்குப் பத்திகள் முன்கூட்டியே ஒன்றாகிவிடுகின்றன.

மற்றொரு முனையில், மிக அகன்ற திரைகளின் கோளாறும் இருந்தது. விழுக்காட்டு அமைப்பில் 1920 பிக்சல் சாளரத்தில் ஒரு வரி அவ்வளவு நீளமாக ஓடியது. வரியின் முடிவிலிருந்து அடுத்த வரியின் தொடக்கத்தைக் கண் தேட வேண்டியிருந்தது. வரியின் நீளத்தை எழுத்து எண்ணிக்கையால் கட்டுப்படுத்தப் பலர் சிஎச் அலகைப் பயன்படுத்துகிறார்கள். அது "0" என்ற எண்ணின் அகலத்தை அளவாகக் கொண்டது. தமிழில் ணகரமும் ஔகாரமும் அந்தச் சுழியத்தைவிட எவ்வளவோ அகன்றவை; ஆகவே 65 சிஎச் என்று எழுதினால் நாம் நினைத்த எண்ணிக்கையில் எழுத்து அமையாது. நான் கண்ணால் பார்த்து 36 எம் என்று நிறுத்தினேன். மீதி இடம் வெறுமையாகக் கிடந்தால் கிடக்கட்டும். திரை அகலமாக இருப்பதால் அதை நிரப்பியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

நீண்ட சொற்கள்

ஒற்றைப் பத்தியாக்கிய பிறகும் 320 பிக்சலில் பக்கம் இடவலமாக நகர்ந்துகொண்டே இருந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க வெகு நேரம் பிடித்தது. ஒட்டுநிலை மொழியான தமிழில் சொற்கள் உருபையும் துணைவினையையும் சேர்த்துக்கொண்டு நீளும்; "எடுத்துக்கொள்ளவேண்டியிருந்ததனால்" என்று ஒரு தலைப்பில் வந்தால், பெரிய எழுத்தளவில் அது ஒன்றே ஒடுங்கிய திரையைத் தாண்டும். சொல்லுக்கு நடுவில் இடைவெளி இல்லாததால் உலாவி அதை மடிக்காது. பத்திகளை அடுக்கும் சி.எஸ்.எஸ். முறையான கிரிட் அமைப்பில் ஒரு பத்திக்கு, மீதி இடத்தில் ஒரு பங்கு எனப் பொருள்படும் 1எஃப்ஆர் என்று எழுதினால், அதன் குறைந்தபட்ச அகலம் அதனுள் இருக்கும் மிக நீண்ட சொல்லின் அகலமாகவே கொள்ளப்படும். ஆகையால் ஒரு சொல் தன் பத்தியை விரிக்க, பத்தி பக்கத்தை விரிக்க, பக்கம் திரைக்கு வெளியே போனது. பொருள்களை வரிசையாக அடுக்கும் ஃபிளெக்ஸ்பாக்ஸ் முறையின் உறுப்புகளுக்கும் இதே குணம் உண்டு.

பத்தியின் குறைந்தபட்ச அகலத்தைச் சுழியமாக்கியும், நீண்ட சொல்லை உடைப்பதைத் தீர்மானிக்கும் ஓவர்ஃப்ளோ-ராப் பண்புக்கு எனிவேர் என்ற மதிப்பைக் கொடுத்தும் இதைச் சரிசெய்தேன். பிரேக்-வேர்ட் என்ற மதிப்பும் சொல்லை உடைக்கும்தான்; ஆனால் பத்தியின் குறைந்தபட்ச அகலத்தைக் கணக்கிடும்போது அந்த உடைப்பை உலாவி கருத்தில் கொள்ளாது. எனிவேர் கொள்ளும். உடைபடும்போது உயிர்மெய் எழுத்து இரண்டாகப் பிளவுபடுவதில்லை என்பது ஆறுதல். ஆனால் சொல் கண்ட இடத்தில் முறிவது படிப்பவருக்கு இடறல்தான். ஆகவே தலைப்புகளில் மட்டும், பதிப்பாசிரியரே சொற்பிரிவு பார்த்து, உடையலாம் என்ற குறியீட்டைச் சொல்லின் பொருத்தமான இடத்தில் இடுவதற்கு ஏற்பாடு செய்தோம். இதற்கு இயந்திரத்தைவிட இலக்கணம் தெரிந்த மனிதர் மேல்.

பொத்தான்களிலும் இதே சிக்கல் வேறு உருவில் இருந்தது. ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துச் சொல்லை வைத்து அகலமும் உயரமும் நிலையாக வரையறுத்த பொத்தானுக்குள் "தவணையை நீட்டிக்க" என்பது அடங்காமல், இரண்டாம் வரி வெட்டுப்பட்டது. உயரத்தையும் அகலத்தையும் நீக்கி, உட்புற இடைவெளியை மட்டும் விட்டோம். உள்ளே இருப்பதற்கேற்பப் பெட்டி வளரட்டும். வரி உயரத்தையும் 1.4இலிருந்து 1.65ஆகக் கூட்டினோம், மேல் வரியின் உகரச் சுழி கீழ் வரியின் இகரக் கொம்பில் இடிப்பது அத்துடன் நின்றது.

வலப் பத்தி எங்கே போகும்?

எல்லாவற்றிலும் அதிகமாக விவாதிக்கப்பட்டது இதுதான். இரவல் விவரமும் நீட்டிப்புப் பொத்தானும் அடங்கிய வலப் பத்தி, பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் எச்.டி.எம்.எல். மொழியின் வரிசையில் கடைசியாக இருந்தது. ஒற்றைப் பத்தியாகும்போது அது நூல் விவரம், மதிப்புரை, தொடர்புடைய நூல்கள் எல்லாவற்றுக்கும் கீழே போய்ச் சேரும். பொத்தானைத் தேடி வருபவர் அவ்வளவு தூரம் கீழே இறங்குவார் என்று எதிர்பார்க்க முடியாது. சி.எஸ்.எஸ்.இன் ஆர்டர் பண்பைக் கொண்டு காட்சியில் மட்டும் மேலே கொண்டுவரலாம் என்பது குழுவில் ஒருவர் சொன்ன எளிய வழி. ஆனால் விசைப்பலகையால் நகர்பவருக்கும் திரைவாசிப்பானைக் கேட்பவருக்கும் மூல வரிசைதான் வரிசை. கண்ணில் முதலில் படுவது காதில் கடைசியாக விழும். டேப் விசையை அழுத்தும்போது குவியம் (விசைப்பலகை அப்போது சுட்டி நிற்கும் இடம்) பக்கத்தின் அடிக்கும் தலைக்குமாகத் தாவும்.

எனவே மூல வரிசையையே மாற்றினோம். நூலின் தலைப்புக்கு அடுத்தபடியாக இரவல் விவரம்; அதன் பிறகு மற்றவை. அகன்ற திரையில் அதை வலப்புறம் வைப்பது கிரிட்டின் வேலை. இதனால் அகன்ற திரையில் டேப் விசை தலைப்பிலிருந்து வலப்பத்திக்குப் போய், பிறகு நடுப்பத்திக்கு வருகிறது. தூய்மைவாதிகள் இதையும் குறை சொல்லலாம். ஆனால் நூலின் பெயர், அதன் இரவல் நிலை, அதன் விவரம் என்ற வரிசை படித்தால் பொருள்படும் வரிசை என்பதால், இந்த ஒரு தாவலை ஏற்றுக்கொண்டோம்.

மறைக்கப்பட்டிருந்த மற்றப் பொருள்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். கேட்ட கேள்வி ஒன்றுதான்: ஒடுங்கிய திரையில் இது தேவையில்லை என்றால், அகன்ற திரையில் மட்டும் ஏன் தேவை? பெரும்பாலானவற்றுக்கு விடை கிடைக்கவில்லை. அவற்றை எல்லாத் திரைகளிலிருந்தும் எடுத்துவிட்டோம். மீதியை எல்லாத் திரைகளிலும் காட்டினோம். டிஸ்பிளே நன் என்ற விதி அகலத்தைப் பொறுத்து இயங்கும் இடம் இப்போது ஒன்றுகூட இல்லை. முதன்மைப் பட்டியில் ஐந்தே இணைப்புகள் இருந்தும் அவை மூன்று கோட்டுச் சின்னத்துக்குப் பின்னால் ஒளிக்கப்பட்டிருந்தன. அவற்றை இரண்டு வரியாக மடியவிட்டோம். ஐந்து சொற்களுக்கு ஒரு கதவும் தாழ்ப்பாளும் எதற்கு?

அட்டவணை

இரவல் வரலாற்றுப் பக்கத்தில் ஏழு பத்திகள் கொண்ட அட்டவணை இருந்தது. ஒவ்வொரு வரிசையையும் ஒரு சீட்டாக மாற்றி ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவது பரவலான வழி. அதை முயன்று பார்த்துக் கைவிட்டோம். அட்டவணையின் உறுப்புகளுக்கு டிஸ்பிளே மதிப்பை மாற்றும்போது, அது அட்டவணை என்ற செய்தியே திரைவாசிப்பானுக்குப் போகாமல் நின்றுவிடும் ஆபத்து உண்டு. தலைப்பும் மதிப்பும் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற சொற்களாகிவிடும். மேலும், இரண்டு நூல்களின் தேதிகளை ஒப்பிட்டுப் பார்க்கத்தான் ஒருவர் அட்டவணைக்கு வருகிறார். சீட்டுகளாக அடுக்கினால் ஒப்பீடு போய்விடும்.

இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சி 2018இல் வெளியிட்ட இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டுநெறிகளின் 2.1ஆம் பதிப்பு, 320 பிக்சல் அகலத்தில் உள்ளடக்கம் இரண்டு திசைகளிலும் நகர்த்தாமல் படிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது. அந்த 320 என்ற எண், 1280ஐ 400 விழுக்காடு பெரிதாக்கியதன் கணக்கே. நம் வாசகருடைய திரை அப்படியே விதியில் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் தரவு அட்டவணை, வரைபடம் போன்று இரு திசை அமைப்பிலேயே பொருள் கொள்பவற்றுக்கு அதே விதி விலக்கு அளிக்கிறது. அந்த விலக்கைப் பயன்படுத்தி, அட்டவணையை இடவலமாக நகரும் ஒரு பெட்டிக்குள் வைத்தோம். பக்கம் அசையாது, பெட்டி மட்டும் நகரும். விசைப்பலகையாலும் நகர்த்த வேண்டும் என்பதால் பெட்டி குவியம் பெறும்படியும் அதற்கு ஒரு பெயர் இருக்கும்படியும் செய்தோம்.

இங்கே நான் ஒரு தவறு செய்தேன். நூலின் பெயர் உள்ள முதல் பத்தி நகராமல் நிலைத்திருந்தால் நன்று என்று அதை ஒட்டி வைத்தேன். 400 விழுக்காட்டில் அந்த ஒரு பத்தியே பெட்டியின் பெரும்பகுதியை விழுங்கி, மீதி ஆறு பத்திகளும் ஒரு சாவித் துவாரத்தின் வழியே எட்டிப் பார்ப்பதுபோல் ஆயிற்று. பக்கத்தின் மேல் ஒட்டியிருந்த தலைப்புப் பட்டைக்கும் இதே கதை. 1280க்கு 1024 சாளரம் 400 விழுக்காட்டில் 320க்கு 256 ஆகிறது. அதில் 80 பிக்சல் உயரப் பட்டை நிரந்தரமாக நின்றால், கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இடம் போய்விடும். அகலத்தோடு உயரமும் போதிய அளவு இருந்தால் மட்டுமே எதையும் ஒட்டி நிறுத்துவது என்று மாற்றினோம். உயரத்துக்கும் மீடியா குவரி எழுதலாம் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறோம்.

விரலும் சுட்டியும்

பழைய பாணித்தாள் 768 பிக்சலுக்கு மேற்பட்டவரிடம் சுட்டி இருக்கும், கீழ்ப்பட்டவரிடம் விரல் இருக்கும் என்று நம்பியது. தொடுதிரை உள்ள மடிக்கணினியும், சுட்டி இணைத்த பலகைக் கணினியும் இந்த நம்பிக்கையைப் பொய்யாக்குகின்றன. சுட்டியை மேலே கொண்டுபோனால் மட்டும் விரியும் உட்பட்டிகளை நீக்கி, அழுத்தினால் விரியும் பொத்தான்களாக்கினோம். சுட்டி மேலே வரும்போது நிறம் மாறுவது போன்ற அலங்காரங்கள், ஹோவர் வசதி இருக்கிறது என்று கருவி சொன்னால் மட்டும் இயங்கும் குவரிக்குள் போயின. அழுத்தத்தக்க இடத்தின் அளவு அதே அணுகல் வழிகாட்டுநெறிகளின், 2023இல் வந்த 2.2ஆம் பதிப்பின்படி குறைந்தது 24க்கு 24 பிக்சல். நாங்கள் முதன்மைப் பொத்தான்களுக்கு 44ஐ எல்லா அகலங்களிலும் வைத்தோம். கை நடுங்குபவர் சுட்டியைப் பிடித்திருக்கும்போதும் பெரிய பொத்தான் உதவுகிறது.

உள்ளீட்டுப் பெட்டிகளில் எழுத்தளவு 14 பிக்சலாக இருந்தது. 16க்குக் குறைந்தால் ஐஃபோன் சஃபாரி பெட்டியைத் தொட்டவுடன் பக்கத்தைத் தானே பெரிதாக்கிவிடும். அந்தத் தாவலை நிறுத்தத்தான் முன்னவர்கள் பெரிதாக்கலையே தடை செய்திருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். எழுத்தை 16 ஆக்கியதும் நோய் தீர்ந்தது.

படங்களின் எடை

நூல் அட்டைப் படங்கள் 2400 பிக்சல் அகலத்தில் வருடி எடுக்கப்பட்டவை. பாணித்தாள் அவற்றை 240 பிக்சல் இடத்துக்குள் சுருக்கிக் காட்டினாலும், இறங்கி வருவது முழுப் படம்தான். ஒவ்வொரு படத்துக்கும் பல அளவுகளைத் தயாரித்து, சோர்ஸ்-செட் பண்பில் அவற்றின் அகலங்களை எழுதி, பொருத்தமானதைத் தேர்வது உலாவியின் பொறுப்பு என்று விட்டோம். ஆனால் உலாவி இந்தத் தேர்வைச் செய்யும் நேரத்தில் பக்க அமைப்பு இன்னும் உருவாகியிருக்காது. படம் எவ்வளவு இடத்தில் காட்டப்படும் என்பதைச் சைசஸ் பண்பின் வழியாக நாம்தான் சொல்ல வேண்டும். முதல் முறை அதில் முழுச் சாளர அகலம் என்று எழுதிவிட்டேன். 1440 பிக்சல் சாளரமும் இரட்டை அடர்த்தித் திரையும் உள்ள கணினி, 2880 பிக்சல் வேண்டும் என்று கணக்கிட்டு, இருப்பதிலேயே பெரிய படத்தை எடுத்துக்கொண்டது. கைப்பேசிக்கு உதவிய மாற்றம் கணினிக்கு எந்தப் பயனும் தரவில்லை. அகன்ற அமைப்பில் 240 பிக்சல் என்று திருத்திய பிறகே இரண்டு பக்கமும் சீரானது.

படத்தின் அகலத்தையும் உயரத்தையும் எச்.டி.எம்.எல்.இல் எழுதும் பழைய வழக்கத்தை, நெகிழும் அமைப்பு வந்தபோது பலர் விட்டுவிட்டார்கள். 2019இன் இறுதியிலிருந்து உலாவிகள் அந்த இரண்டு எண்களைக் கொண்டு விகிதத்தைக் கணித்து, படம் வருவதற்கு முன்பே இடம் ஒதுக்கத் தொடங்கின. அவற்றை மீண்டும் எழுதியதும், வாசித்துக்கொண்டிருக்கும்போது வரிகள் கீழே குதிப்பது நின்றது.

ஒரே சீட்டு, இரண்டு இடங்கள்

நூலின் பெயர், ஆசிரியர், அட்டைப் படம் அடங்கிய சிறு சீட்டு, நடுப்பத்தியிலும் வருகிறது, வலப்பத்தியிலும் வருகிறது. சாளரம் 1280 இருந்தால் மீடியா குவரி இரண்டு சீட்டுகளுக்கும் அகன்ற வடிவத்தைத் தந்துவிடும். வலப்பத்தியின் 200 பிக்சலுக்குள் படமும் பெயரும் அருகருகே நசுங்கும். சீட்டு அறிய வேண்டியது சாளரத்தின் அகலத்தை அல்ல, தான் இருக்கும் பெட்டியின் அகலத்தை. இதைக் கேட்கும் வசதியான கன்டெய்னர் குவரி 2022இல் குரோமிலும் சஃபாரியிலும், 2023 பிப்ரவரியில் ஃபயர்ஃபாக்ஸிலும் வந்தது. அதைப் பயன்படுத்தியதும் பாணித்தாளில் வலப்பத்திக்கென்று இருந்த விதிவிலக்குகள் கூட்டமாக வெளியேறின. ஒரு பொறி மட்டும் உண்டு: அகலம் கேட்கப்படும் பெட்டி, தன் உள்ளடக்கத்தைப் பார்த்துத் தன் அகலத்தை முடிவு செய்ய முடியாது. உள்ளடக்கத்துக்கேற்பச் சுருங்கும் ஓரிடத்தில் அப்படி ஒரு பெட்டியை வைத்தேன். அது சுழிய அகலத்துக்குச் சுருங்கி, சீட்டு காணாமலே போனது. வெளியிலிருந்து அகலம் பெறும் பெட்டிக்கு மட்டுமே அந்தப் பண்பு பொருந்தும்.

சோதனையும் மீதியும்

உலாவியின் உருவாக்குநர் கருவியில் கைப்பேசித் திரையைப் போலச் செய்து பார்க்கலாம். ஆனால் முகவரிப் பட்டை தோன்றி மறைவதும், மெய்நிகர் விசைப்பலகை பாதித் திரையை மூடுவதும் அதில் தெரிவதில்லை. முழு உயரம் என்று 100விஎச் எழுதிய ஒரு படிவத்தின் அடிப்பொத்தான், உண்மையான கைப்பேசியில் முகவரிப் பட்டையின் உயரத்தளவு கீழே மறைந்திருந்தது. முகவரிப் பட்டை தெரியும்போது மிஞ்சும் சிறிய உயரத்தைக் குறிக்கும் எஸ்விஎச் அலகுக்கு மாற்றினோம். எதிர்த்திசையிலும் ஒன்று கிடைத்தது. முழு அகலம் என்று 100விடபிள்யூ எழுதிய பட்டை கைப்பேசியில் சரியாக இருந்தது. இடம் பிடிக்கும் உருள்பட்டை உள்ள மேசைக்கணினியில் அந்த உருள்பட்டையின் அகலத்தையும் சேர்த்துக்கொண்டு பக்கத்தை இடவலமாக ஆட்டியது. 100 விழுக்காடு என்று எழுதியிருந்தால் போதும்.

புகார் எழுதிய வாசகரிடம் புதிய பக்கத்தை அதே 400 விழுக்காட்டில் பார்க்கச் சொன்னோம். பொத்தான் தலைப்புக்குக் கீழேயே கிடைத்தது, தவணையை நீட்டித்தார். அட்டவணைப் பெட்டி நகரும் என்பது முதலில் புரியவில்லை என்றார். கடைசியாகத் தெரியும் பத்தி ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்கும்படி அகலங்களைச் சற்று மாற்றினோம், மேலும் இருக்கிறது என்பது அதனால் தெரிகிறது. வருடி எடுத்த பழைய நூல்களின் பக்கங்கள் இன்னும் இரண்டு திசைகளிலும் நகர்த்தித்தான் படிக்க வேண்டியவையாக உள்ளன. அவை எழுத்தாக அன்றிப் படமாக இருப்பதால், பக்க அமைப்பால் அங்கே செய்யக்கூடியது எதுவும் இல்லை.

பாணித்தாளில் "மொபைல்" என்று தொடங்கிய வகுப்புகளை எல்லாம் "ஒடுங்கிய", "தொடு" என்று அவை உண்மையில் செய்யும் வேலையைக் கொண்டு பெயர் மாற்றினோம், வேலையில்லாதவற்றை அழித்தோம். அந்தச் சொல் இப்போது தளம் முழுவதிலும் ஓரிடத்தில் மட்டும் இருக்கிறது: உறுப்பினர் படிவத்தில், தொலைபேசி எண்ணைக் கேட்கும் பெட்டியின் பெயரில்.